பெற்றோரின் பழைய கணினிக்கு எந்த இயங்குதளம்?

விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்புகளை மைக்ரோசாப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு நிறுத்திக்கொண்டது. அலுவலகங்களில் இதைக் கவனிக்கத் தனிப் பிரிவே இருக்கும். ஆனால் மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊர்களில், பிள்ளைகள் கிள்ளான் பள்ளத்தாக்குக்கும் ஜொகூர் பாருவுக்கும் சிங்கப்பூருக்கும் வேலைக்குப் போய்விட்ட பின்னர், தாமான் எனப்படும் குடியிருப்பு வீடுகளில் தனித்து வாழும் பெற்றோருக்கு அப்படி யாரும் இல்லை. பிள்ளைகள் படிவம் ஐந்திலோ கல்லூரியிலோ படித்தபோது வாங்கிய மடிக்கணினி அந்த வீடுகளின் கூடத்தில் இன்னும் பயன்பாட்டில் இருக்கிறது. அதை அப்படியே விடுவதா, விண்டோஸ் 11க்கு ஏற்றுவதா, புதியது வாங்கித் தருவதா, லினக்ஸ் மின்ட் அல்லது குரோம் ஓஎஸ் ஃபிளெக்ஸ் போன்ற வேறோர் இயங்குதளத்துக்கு மாற்றுவதா என்பதை வெளியூரில் இருக்கும் பிள்ளைகளே முடிவுசெய்ய வேண்டியிருக்கிறது.

இந்த முடிவை இயங்குதளங்களின் சிறப்புகளை மட்டும் வைத்து எடுக்கக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. பெற்றோர் அந்தக் கணினியில் உண்மையில் என்ன செய்கிறார்கள், ஏதேனும் நின்றுபோனால் யாரை அழைப்பார்கள் என்னும் இரண்டு கேள்விகளுக்கும் விடை தெரிந்தால் முக்கால்வாசி வேலை முடிந்துவிடும். முதல் கேள்விக்கான விடையை ஊகிக்க வேண்டாம். ஒரு மாலைப் பொழுது அவர்களின் அருகில் அமர்ந்து பாருங்கள். எங்கள் பக்கத்து வீடுகளில் நான் பார்த்தவரை, அப்பாக்கள் கோவில் நிர்வாகக் குழுவின் வரவுசெலவைக் கணக்குத்தாளில் எழுதுகிறார்கள், திருவிழா அறிவிப்புகளைத் தமிழில் தட்டச்சு செய்து அச்சிடுகிறார்கள், வருமான வரி இ-ஃபைலிங், ஊழியர் சேம நிதியின் ஐ-அக்காவுன் என்னும் இணையக் கணக்கு ஆகியவற்றைத் திறந்து பார்க்கிறார்கள். அம்மாக்கள் யூடியூபில் சொற்பொழிவு கேட்கிறார்கள், பேரப்பிள்ளைகளின் படங்களைப் பெரிய திரையில் பார்க்கிறார்கள். இவற்றில் பெரும்பகுதி உலாவிக்குள்ளேயே நடக்கிறது; உலாவிக்கு வெளியே நடப்பவை கணக்குத்தாள், தமிழ்த் தட்டச்சு, அச்சுப்பொறி ஆகிய மூன்றும்தான். வங்கிப் பரிமாற்றமும் பெரிய தடையாக இராது. குறுஞ்செய்தியில் அனுப்பும் ஒப்புதல் எண்ணைக் கைவிடுமாறு 2022இல் மத்திய வங்கியான பேங்க் நெகாரா வங்கிகளுக்கு அறிவுறுத்திய பிறகு, ஒப்புதல் தரும் படி கைப்பேசிச் செயலிக்குப் போய்விட்டது. கணினி எதுவாயினும் அந்தப் படி மாறாது.

“இப்போதும் ஓடுகிறதே, ஏன் மாற்ற வேண்டும்?” என்று பெற்றோர் கேட்பது நியாயமே. விண்டோஸ் 10 உடனே நின்றுவிடாது. ஆனால் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகள் அதில் அடைபடாமலேயே இருக்கும். 2017 மே மாதத்தில் உலகெங்கும் கணினிகளை முடக்கிய வான்னாகிரை என்னும் தீநிரல், அந்த ஆண்டு மார்ச்சிலேயே வெளிவந்திருந்த திருத்தத்தைப் போட்டுக்கொள்ளாத கணினிகளைத்தான் பிடித்தது. உலாவிகளும் என்றென்றைக்கும் துணைவராது. விண்டோஸ் 7க்கான ஆதரவு 2020 ஜனவரியில் முடிந்தது, 2023 பிப்ரவரியில் குரோம் உலாவியும் அதைக் கைவிட்டது. வங்கிக் கணக்கும் சேமநிதிக் கணக்கும் திறக்கப்படும் கணினியில் இந்த இடர் வேண்டாம்.

சற்று அவகாசம் வாங்க ஒரு வழி இருக்கிறது. நீட்டிக்கப்பட்ட பாதுகாப்புப் புதுப்பிப்பு என்னும் திட்டத்தில் பதிந்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை திருத்தங்கள் கிடைக்கும் என மைக்ரோசாப்ட் அறிவித்தது. கணினியின் அமைப்புகளை மைக்ரோசாப்ட் கணக்குடன் ஒத்திசைத்தால் கட்டணமில்லை. இல்லையேல் 30 அமெரிக்க டாலர், அல்லது மைக்ரோசாப்ட் ரிவார்ட்ஸ் புள்ளிகள் 1,000. கணினியில் விண்டோஸ் 10இன் கடைசிப் பதிப்பான 22எச்2 இருக்க வேண்டும். இதைத் தீர்வாக எண்ணாமல், தீபாவளி விடுமுறை போன்ற வசதியான நேரம் வரும்வரை தள்ளிப்போடும் தவணையாகவே கொள்ள வேண்டும்.

அதே கணினியில் விண்டோஸ் 11 ஓடுமானால் வேறு எதையும் யோசிக்க வேண்டியதில்லை, ஏற்றிவிடுங்கள். மைக்ரோசாப்டின் பிசி ஹெல்த் செக் என்னும் சிறு நிரல் தகுதியைச் சொல்லிவிடும். 4 ஜிபி நினைவகமும் 64 ஜிபி சேமிப்பிடமும் எளிதாகத் தேறும். தடுப்பவை பெரும்பாலும் கணினியின் செயலியும் (பிராசசர்) டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சில்லும்தான். இன்டெல் என்றால், ஓரிரு விதிவிலக்குகள் நீங்கலாக, எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தையது வேண்டும். கோர் ஐ5 7200 என்று ஒட்டியிருந்தால் தேறாது, 8250 என்றால் தேறும். எட்டாம் தலைமுறைச் செயலிகள் 2017இன் பிற்பகுதியில்தான் சந்தைக்கு வந்தன என்பதால், அதற்கு முன் வாங்கிய கணினியில் நம்பிக்கை வைக்க வேண்டாம். டிபிஎம் இல்லை என்று மட்டும் காட்டினால் அவசரப்பட்டு முடிவெடுக்காதீர்கள். பல கணினிகளில் அது அணைத்து வைக்கப்பட்டிருக்கும், கணினி தொடங்கும்போது திறக்கக்கூடிய பயாஸ் அமைப்பில் பிடிடி அல்லது எஃப்டிபிஎம் என்ற பெயரில் தேடி இயக்கலாம். ஏற்றிய பிறகு, நடுவில் போய்விட்ட தொடக்கப் பொத்தானை மறக்காமல் இடது மூலைக்குக் கொண்டுவந்துவிடுங்கள். இருபது ஆண்டுகளாக அந்த மூலைக்குப் பழகிய கைக்கு அது பெரிய ஆறுதல்.

தகுதியில்லாத கணினியிலும் சோதனையைத் தாண்டி விண்டோஸ் 11 நிறுவும் வழிகள் உண்டு. நம் சொந்தக் கணினியில் அப்படிச் செய்து பார்ப்பது நம் விருப்பம். பெற்றோரின் கணினியில் இதைச் செய்ய வேண்டாம் என்பேன். அத்தகைய கணினிகளுக்குப் புதுப்பிப்பு கிடைக்கும் என்பதற்கு மைக்ரோசாப்ட் உறுதி தரவில்லை. ஆண்டுக்கொரு முறை வரும் பெரிய பதிப்பை நாமே மீண்டும் கைமுறையாக ஏற்ற வேண்டியிருக்கும். புதுப்பிப்பு நின்றது என்பதற்காகவே மாற்றம் செய்யும்போது, புதுப்பிப்பு ஐயத்துக்குரிய இடத்திலேயே போய் நிற்பதில் பயனில்லை.

புதிய விண்டோஸ் 11 கணினி வாங்கித் தருவது பலருக்கு முதலில் தோன்றும் வழி. பணம் இருந்தால் அது நல்ல வழிதான். புதிதாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. அலுவலகங்கள் கழித்துவிட்ட எட்டாம் தலைமுறைக்குப் பிந்தைய மடிக்கணினிகள் சீரமைக்கப்பட்டு ஈப்போவிலும் கோலாலம்பூரிலும் இணையக் கடைகளிலும் விற்கின்றன, அவற்றின் விசைப்பலகைகள் மலிவான புதிய கணினிகளுடையதைவிட உறுதியானவை. இந்த வழியின் பெரும் வலிமை, ஊரிலுள்ள கணினிக் கடைக்காரருக்கும் பக்கத்து வீட்டுக் கல்லூரி மாணவருக்கும் விண்டோஸ் தெரியும் என்பதே. ஆயினும் இரண்டு கண்ணிகளைச் சொல்லியாக வேண்டும். முதலாவது, புதிய விண்டோஸ் 11 கணினிகள் மைக்ரோசாப்ட் கணக்கைக் கேட்கின்றன, அந்தக் கணக்கில் நுழைந்ததும் பல கணினிகளில் வன்தட்டு தானாகவே மறையாக்கம் செய்யப்படுகிறது, அதாவது திறவுகோல் இன்றிப் படிக்க முடியாதபடி பூட்டப்படுகிறது. ஒரு நாள் கணினி மீட்புக் குறியீட்டைக் கேட்டு நிற்கும். அந்த 48 இலக்க எண் கணக்கில்தான் இருக்கும், கணக்கின் கடவுச்சொல்லோ யாருக்கும் நினைவிராது. ஆகவே வாங்கிய அன்றே அந்த எண்ணைத் தாளில் எழுதி, நிலப்பட்டா வைத்திருக்கும் கோப்பிலேயே வைத்துவிட வேண்டும். இரண்டாவது, ஆவணக் கோப்புறைகளைத் தன்னிடம் எடுத்துக்கொள்ளும் மைக்ரோசாப்டின் இணையச் சேமிப்பகமான ஒன்டிரைவ் இலவசமாகத் தருவது 5 ஜிபி மட்டுமே. பேரப்பிள்ளைகளின் படங்களில் அது சில வாரங்களில் நிரம்பிவிடும். பிறகு ‘இடமில்லை, பணம் கட்டுங்கள்’ என்னும் அறிவிப்புகள் வந்தபடியே இருக்கும்; அதை ஏமாற்றுக்காரரின் செய்தி என்று நினைத்துப் பெற்றோர் அஞ்சுவார்கள். தொடக்கத்திலேயே அந்த நகலெடுப்பை நிறுத்திவிடுவது நல்லது.

இனி லினக்ஸ் மின்ட். விண்டோஸ் 11 தகுதி இல்லாத, ஆனால் உடல்நிலை நன்றாக உள்ள கணினிகளுக்கு இதையே நான் முதலில் கருதுவேன். உபுண்டு என்னும் லினக்ஸ் இயங்குதளத்தை அடிப்படையாகக் கொண்டு 2006 முதல் வெளிவரும் இந்த இயங்குதளம் இலவசம். இதன் 22ஆம் வரிசைக்கு 2029 வரை புதுப்பிப்புகள் உண்டு. இடது மூலையில் பட்டி, கீழே பணிப்பட்டை, வலக்கோடியில் கடிகாரம் என அதன் சின்னமன் இடைமுகம் விண்டோஸ் 7இன் அமைப்பை ஒத்திருப்பதால், விண்டோஸ் 11ஐவிட இதுவே பழகிய இடமாக அவர்களுக்குத் தோன்றக்கூடும். நினைவகம் குறைந்த கணினிக்கு எக்ஸ்எஃப்சிஇ என்னும் இலகுவான பதிப்பு இருக்கிறது. நிறுவுவதற்கு முன்பே பென் டிரைவிலிருந்து இயக்கிப் பார்க்கலாம். வன்தட்டைத் தொடாமல், அப்பாவின் கணினியில் வைஃபை கிடைக்கிறதா, ஒலி வருகிறதா, அச்சுப்பொறி பேசுகிறதா என்று ஒரே அமர்வில் தெரிந்துகொள்ள முடிவது பெரிய வசதி. புதிய வலைப்பின்னல் அச்சுப்பொறிகள் தனி இயக்கி இல்லாமலே வேலை செய்கின்றன. பழைய லேசர் அச்சுப்பொறிகள் சில முரண்டு பிடிக்கும், அவற்றை நிறுவும் முன்பே சோதிக்க வேண்டும்.

மின்ட்டின் குறைகளையும் மறைக்க வேண்டியதில்லை. எக்செல் கோப்புகளை லிப்ரே ஆபிஸ் என்னும் இலவச அலுவலக மென்பொருள் திறக்கும், சேமிக்கும். ஆனால் யாரோ எழுதிக் கொடுத்த மேக்ரோ (தானாக வேலை செய்யும் சிறு நிரல்) உள்ள கணக்குத்தாள் ஓடாமல் போகலாம். லினக்ஸுக்கென அதிகாரபூர்வ வாட்ஸ்அப் செயலி இல்லை, உலாவி வழியாகவே பார்க்க வேண்டும். எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, ஊரில் அதை அறிந்தவர் அரிது என்பது. ஏதோ ஒன்று திறக்கவில்லை என்று அப்பா அதைக் கடைவீதிக்கு எடுத்துச் சென்றால், கடைக்காரர் நல்லெண்ணத்தோடு ஃபார்மட் செய்து விண்டோஸைப் போட்டுத் தருவார். கோவில் கணக்கு முழுவதும் போய்விடும். இதைத் தடுக்க, ‘ஃபார்மட் செய்ய வேண்டாம், முதலில் மகளை அழைக்கவும்’ என்று தொலைபேசி எண்ணோடு மலாயிலும் தமிழிலும் எழுதிக் கணினியின் அடிப்பக்கத்தில் ஒட்டிவிட வேண்டும். டைம்ஷிஃப்ட் என்னும் கருவியை இயக்கி வைத்தால், புதுப்பிப்பு ஒன்றால் சிக்கல் வரும்போது இயங்குதளத்தை முந்தைய நாளின் நிலைக்குத் திருப்பலாம். அது ஆவணங்களை நகலெடுப்பதில்லை. அவற்றுக்குத் தனி வன்தட்டு வேண்டும்.

குரோம் ஓஎஸ் ஃபிளெக்ஸ் இன்னொரு வகை. கூகுள் 2022இல் முழுமையாக வெளியிட்ட இதுவும் இலவசம். பழைய இன்டெல், ஏஎம்டி கணினிகளில் ஏறும், பென் டிரைவிலிருந்து முயன்று பார்க்கலாம். ஏறக்குறைய எல்லாமே உலாவிதான். புறத்தே இருந்து எந்த விண்டோஸ் நிரலையும் அதில் நிறுவ முடியாது என்பதால், ஏமாற்றி எதையாவது நிறுவச் செய்யும் வழி பெருமளவு அடைபடுகிறது. யூடியூபும் மின்னஞ்சலும் செய்தித் தளங்களும் மட்டுமே பார்க்கும் அம்மாவுக்கு இதைவிட அமைதியான கணினி கிடைப்பது கடினம். ஆனால் நிறுவும்போது வன்தட்டு முழுவதும் அழிக்கப்படும், குரோம்புக்கில் உள்ளதுபோல் ஆண்ட்ராய்டு செயலிகள் வாரா, எல்லாவற்றுக்கும் கூகுள் கணக்கு நடுவில் நிற்கும், இணையம் அறுந்தால் செய்யக்கூடியது குறைவு. கூகுள் சான்றளித்த கணினிகளின் பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் ஆதரவு முடியும் ஆண்டு உண்டு. நிறுவும் முன் அதைப் பார்த்துவிட வேண்டும்.

ஆப்பிள் மடிக்கணினி நல்ல பொருள். ஆனால் விலை கூடுதல், பழகிய விசைகள் இடம்மாறும், ஊரில் பழுதுபார்ப்பு கிடையாது. பிள்ளைகள் எல்லாரும் ஆப்பிள் பயன்படுத்தும் குடும்பமாக இருந்தால் மட்டும் பொருந்தும்.

தமிழ்த் தட்டச்சைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் மாற்றத்தைத் திட்டமிடும் பிள்ளைகள் பெரும்பாலும் கவனிக்கத் தவறுவது இதைத்தான். மலேசியாவில் ஒரு தலைமுறைக்குக் கணினித் தமிழ் என்றாலே முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல்தான். ஓய்வுபெற்ற தமிழாசிரியரும் கோவில் செயலாளரும் அந்த விசைமுறையில் விரல் பழகியவர்கள். விண்டோஸுக்கும் ஆப்பிளுக்கும் உள்ள அந்த மென்பொருள் லினக்ஸுக்கு இல்லை. மின்ட்டில் ஐபஸ், எம்17என் என்னும் இரண்டு தொகுப்புகளை நிறுவினால் ஒலிப்பு முறை, தமிழ்99, பழைய தட்டச்சு முறை ஆகியவை கிடைக்கும். குரோம் ஓஎஸ் ஃபிளெக்ஸிலும் இவை உண்டு. தமிழ்99 பழகியவருக்கு இடர்ப்பாடு இல்லை. அஞ்சல் பழகியவர் ஒலிப்பு முறைக்கு மாறும்போது எல்லா விசைகளும் ஒத்துப்போகா, குறிப்பாக ந, ன, ண, ற, ழ ஆகியவற்றை ஒருமுறை தட்டிப் பார்த்து, வேறுபடுவனவற்றைப் பெரிய எழுத்தில் அச்சிட்டுத் திரையின் ஓரத்தில் ஒட்டித் தர வேண்டும்.

அதைவிட நுட்பமானது பழைய எழுத்துருச் சிக்கல். எல்லா மொழிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியாக்கமான யூனிகோடு பரவுவதற்கு முன் தட்டச்சு செய்த ஆவணங்கள் திஸ்கி, பாமினி போன்ற குறியாக்கங்களில் இருக்கும். அந்தந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் பொருளற்ற குறிகளாகவே தெரியும். இருபது ஆண்டுத் திருவிழா நோட்டீசுகளும் நன்கொடையாளர் பட்டியலும் அழிந்துவிட்டதாக அப்பா பதறிவிடுவார். உண்மையில் எதுவும் அழிவதில்லை. பழைய கணினியின் விண்டோஸ் கோப்புறைக்குள் உள்ள எழுத்துருக் கோப்புகளை முன்கூட்டியே நகலெடுத்து, புதிய இயங்குதளத்தில் நிறுவினால், லிப்ரே ஆபிஸிலும் அவை மீண்டும் தமிழாகத் தெரியும். வாய்ப்பிருக்கும்போது முக்கியமானவற்றை மட்டுமாவது யூனிகோடுக்கு மாற்றிவிடுவது நல்லது. இந்த ஒரு வேலையை முன்பே செய்யாதவர் வேறு எந்த வேலையைச் செய்திருந்தாலும் மாற்றம் தோற்றதாகவே அந்த வீட்டில் கருதப்படும்.

ஊரின் இயல்பும் கணக்கில் வர வேண்டும். பேராக்கின் இந்தப் பகுதியில் பிற்பகலில் இடி முழங்கத் தொடங்கினால் சுவரிலுள்ள பிளக்குகளை எல்லாம் பிடுங்கிவிடுவது வீட்டு வழக்கம். மின்கலம் செத்துப்போன பழைய மடிக்கணினி அந்த நேரத்தில் விண்டோஸின் பெரிய புதுப்பிப்பைப் போட்டுக்கொண்டிருந்தால் அது பாதியில் அறுந்துவிடும். குரோம் ஓஎஸ் ஃபிளெக்ஸ் புதிய பதிப்பைப் பின்னணியில் தனிப் பகுதியில் எழுதி வைத்துக்கொண்டு, மறுதொடக்கத்தின்போது அதற்கு மாறிக்கொள்கிறது. மின்ட்டின் வழக்கமான புதுப்பிப்புகள் சிறியவை, நீண்ட மறுதொடக்கம் தேவைப்படுவதில்லை. விண்டோஸ்தான் முடிவு என்றால் மின்கலத்தைப் புதுப்பித்துவிடுங்கள், பெரிய பதிப்பை நீங்கள் ஊருக்கு வரும்போது ஏற்றுங்கள். கைப்பேசியின் இணையத்தைப் பகிர்ந்து பயன்படுத்தும் வீடானால், பல ஜிபி அளவுள்ள நிறுவல் கோப்பைப் பட்டணத்திலேயே இறக்கி பென் டிரைவில் கொண்டு வருவது முறை.

தொலைவிலிருந்து உதவ விண்டோஸில் குயிக் அசிஸ்ட் உடன்வருகிறது. மின்ட்டில் ரஸ்ட்டெஸ்க் அல்லது எனிடெஸ்க் நிறுவலாம். இவற்றைச் சொல்லும்போதே எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். போலீஸ் என்றும் வங்கி என்றும் அழைத்து முதியோரின் சேமிப்பைச் சுருட்டும் மோசடிக் கும்பல்களும் இதே வகைக் கருவிகளைத்தான் நிறுவச் சொல்கின்றன. ‘நாங்கள் அழைக்கும்போது, எங்கள் குரலைக் கேட்ட பிறகு மட்டுமே அந்தக் கருவிக்கான இணைப்பு எண்ணைச் சொல்ல வேண்டும்’ என்று ஒரே விதியாக வைத்துக்கொள்ளுங்கள். பணம் போய்விட்டதாக ஐயம் வந்தால் உடனே அழைக்க வேண்டிய தேசிய மோசடி எதிர்வினை மையத்தின் 997 எண்ணையும் அதே தாளில் எழுதி வையுங்கள்.

இத்தனையும் வைத்துப் பார்க்கையில் என் முடிவு இது. விண்டோஸ் 11 ஏறும் கணினியில் அதையே ஏற்றுங்கள். ஏறாத கணினியில், உங்களில் ஒருவருக்கு லினக்ஸ் தெரிந்திருந்து, பண்டிகைக்கு மட்டுமன்றி இடையிலும் ஊருக்கு வரும் வழக்கம் இருந்தால் மின்ட் போடுங்கள். தமிழ் ஆவணங்களும் கணக்குத்தாளும் புழங்கும் வீட்டில் அது ஃபிளெக்ஸைவிட மேல். பார்ப்பது மட்டுமே பயன்பாடு என்றால் ஃபிளெக்ஸ். லினக்ஸ் அறிந்தவர் குடும்பத்தில் யாரும் இல்லையென்றாலோ, மேக்ரோ உள்ள கணக்குகளை அப்பா கைவிட முடியாதென்றாலோ, உடன்பிறப்புகள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு விண்டோஸ் 11 கணினி ஒன்றை வாங்கித் தந்துவிடுங்கள். உங்கள் விருப்பத்துக்காக அவர்களை லினக்ஸுக்கு மாற்றிவிட்டு மூன்று மணி நேரத் தொலைவில் போய் அமர்ந்துகொள்வது அவர்களுக்குச் செய்யும் உதவியாகாது.

எந்த வழியானாலும், மாற்றத்தை இரண்டு கட்டமாகச் செய்வது நல்லது. முதலில் பழைய விண்டோஸிலேயே அவர்கள் பயன்படுத்தப்போகும் உலாவியையும் லிப்ரே ஆபிஸையும் போட்டு இரண்டு மூன்று மாதம் பழக விடுங்கள். பிறகு இயங்குதளம் மாறும்போது அவர்கள் கண்ணுக்குத் தெரிவது சிறிய மாற்றமே. அதே பின்புலப் படம், அதே இடத்தில் அதே சின்னங்கள், சற்றுப் பெரிதாக்கிய எழுத்து ஆகியவற்றை அவர்களைக் கேட்டே அமையுங்கள். பழைய கணினியில் சுழலும் வன்தட்டு இருந்தால் சில நூறு ரிங்கிட்டுக்குள், சுழலும் பாகம் இல்லாத சேமிப்பகமான எஸ்எஸ்டி ஒன்றை மாற்றிவிடுங்கள். வேகத்தில் அவர்கள் உணரும் வேறுபாட்டில் பெரும்பங்கு அதனால்தான் வரும். கழற்றிய வன்தட்டை அழிக்காமல், தேதி எழுதி, அடுத்த வருமான வரிக் கணக்குத் தாக்கல் முடியும்வரை அலமாரியில் வைத்திருங்கள். விட்டுப்போன கோப்பு ஏதேனும் இருந்தால் அதற்குள் தெரிந்துவிடும்.